சோரா வாங்கலாமா, வேண்டாமா?

நாலு மாசமா என்னைத் தூங்கவிடாமல் படுத்திய ஒரு கேள்வியைப் பற்றித்தான் இன்றைக்கு எழுதப் போகிறேன். தலைப்பைப் பார்த்து ஏதோ காதல் கதை என்று உள்ளே வந்தவர்கள் மன்னிக்கவும். சோரா பெண்ணின் பெயர் இல்லை. (என் வகுப்புத் தோழன் ஒருவன் அப்படித்தான் நினைத்துக்கொண்டு, "எந்த டிபார்ட்மென்ட்டுடா?" என்று கேட்டான்.)

கேள்வி இதுதான்: என் ரோட் பைக்கில் இருக்கிற க்ளாரிஸைக் கழற்றிவிட்டு சோரா போடலாமா, வேண்டாமா?

தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். ஜப்பானின் ஷிமானோ கம்பெனி ரோட் பைக்குகளுக்குச் செய்யும் கியர், பிரேக் பாகங்களின் தொகுப்புக்கு குரூப்செட் என்று பெயர். அதில் பல வருஷமாக ஒரு படிக்கட்டு உண்டு. பின் சக்கரத்தில் ஏழு பல்சக்கரம் என்றால் டூர்னி. எட்டு என்றால் க்ளாரிஸ். ஒன்பது சோரா. பத்து டியாக்ரா. அதற்கு மேலே பதினொன்றும் பன்னிரண்டுமாக 105, அல்டெக்ரா, டூரா-ஏஸ் என்று ஏறிக்கொண்டே போகும். விலையும் கூடவே ஏறும். 2023-ல் க்யூஸ் என்று புது வரிசை ஒன்று வந்து கீழ்ப்படிகளின் இடத்தைப் பிடிக்க ஆரம்பித்துவிட்டது, அது வேறு தலைவலி. நான் நிற்பது இரண்டாவது படியில். ஒரு சீனியரிடம் செகண்ட் ஹாண்டில் வாங்கிய அலுமினிய பைக். எட்டு கியர்.

எட்டு கியரில் என்ன குறை என்று கேட்டால் சத்தியமாக எனக்குப் பதில் சொல்லத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கடலூரில் நாலு பேர் சேர்ந்து ஓட்டும்போது டீக்கடையில் வண்டிகளைச் சாய்த்து வைப்போம். அப்போது எல்லோர் கண்ணும் பின் சக்கரத்துக்குத்தான் போகும். "எட்டா?" என்று ஒருத்தர் கேட்பார். வெறும் ஒரு வார்த்தைதான். அந்த 'எட்டா'வில் இருக்கிற இரக்கம் இருக்கிறதே, அதைத் தாங்க முடியாமல்தான் பகுதி நேரமாக ஒரு கடையில் டேலி என்ட்ரி போட்டுச் சேர்த்த இருபத்து நாலாயிரம் ரூபாயின் மேல் கை வைக்கத் துணிந்தேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

முதலில் ரோட்டைப் பார்க்கணும். வண்டி ஓடப் போவது யூட்யூபில் வருகிற ஆல்ப்ஸ் மலையில் இல்லை. எங்கள் ஊர் குடிகாடு. கடலூர் முதுநகரைத் தாண்டித் தெற்கே வந்தால் தொழிற்பேட்டை ஓரமாக இருக்கிறது. இங்கிருந்து சிதம்பரம் போகிற தேசிய நெடுஞ்சாலைதான் (பழைய 45ஏ, இப்போது 32) என் மைதானம். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர் என்று போய், வெள்ளாற்றுப் பாலம் ஏறி இறங்கினால் கொஞ்ச நேரத்தில் சிதம்பரம். ஏற்றம் என்று சொல்லணும் என்றால் அந்தப் பாலங்கள்தான் ஏற்றம். மற்றபடி தோசைக்கல் மாதிரி தட்டை.

மலை இல்லையே தவிர, காற்று இருக்கிறது. கோடையில் மத்தியானத்துக்கு மேல் கடல் காற்று தென்கிழக்கிலிருந்து அடித்தால் போகிற வழி பூராவும் எதிர்காற்று. ஐப்பசி கார்த்திகையில் வாடை வடகிழக்கிலிருந்து அடித்தால் திரும்பி வருகிற வழி எதிர்காற்று. எப்படியும் ஒரு பக்கம் மாட்டிக்கொள்வோம்.

கணக்குப் போடுவது நம் தொழில் ஆச்சே. போட்டுப் பார்த்தேன். நான், பைக், பை, தண்ணீர் எல்லாம் சேர்த்து எண்பது கிலோ என்று வைத்துக்கொள்வோம். தட்டையான ரோட்டில், காற்றே இல்லாத நேரத்தில், மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் போக என் கால் தோராயமாக 110 வாட் கொடுக்கணும். அதில் 80 வாட் காற்றைக் கிழிக்கவே போய்விடும். மீதி 30 டயர் தரையில் உருளுவதற்கு. இதே வேகத்துக்கு எதிரே வெறும் பத்து கிலோமீட்டர் காற்று அடித்தால், அந்த 80 என்பது 150 ஆகிறது! நான் ஏன் புதுச்சத்திரத்தில் நாக்குத் தள்ளி நிற்கிறேன் என்பதற்கு எனக்கு அன்றைக்குத்தான் விடை கிடைத்தது.

இப்போது சோராவைக் கொண்டு வாருங்கள். க்ளாரிஸுக்கும் சோராவுக்கும் எடையில் வித்தியாசம் சில நூறு கிராம். 300 கிராம் என்றே வையுங்கள். எண்பது கிலோவில் 300 கிராம் குறைந்தால் தட்டையான ரோட்டில் மிச்சமாவது ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு. ஒரு பாட்டில் தண்ணீரைப் பாதி குடித்தால் அதைவிட அதிக எடை குறையும். காசும் செலவில்லை, தாகமும் தீரும். அதே சமயம் மட்டமான டயரைக் கழற்றிவிட்டு நல்ல டயராகப் போட்டால் பத்து வாட் வரை மிச்சம் பிடிக்கலாம். கைகளை வளைந்த ஹேண்டிலின் கீழ்ப் பிடிக்குக் கொண்டுபோய் முதுகைத் தாழ்த்தினால் காற்றுக் கணக்கில் அதைவிட அதிகமாகவே மிஞ்சும். அதற்குச் செலவு பூஜ்யம். (முதுகு வலிக்கு ஆகிற தைலச் செலவு சேர்க்கவில்லை.)

இது என் சொந்தச் சரக்கு என்று நம்பாதவர்களுக்கு ஒரு உலகக் கதை சொல்கிறேன். சைக்கிள் பந்தயத்தில் 'ஒரு மணி நேர சாதனை' என்று ஒன்று உண்டு. ஒரு மணி நேரத்தில் தடத்தில் எவ்வளவு தூரம் ஓட்டுகிறாய், அவ்வளவுதான். இங்கிலாந்தின் கிறிஸ் போர்ட்மேன் 1996-ல் மான்செஸ்டரில் 56.375 கிலோமீட்டர் ஓட்டினார். இரண்டு கையையும் சூப்பர்மேன் மாதிரி முன்னால் நீட்டிப் படுத்துக்கொண்டு ஓட்டுகிற நிலை. இது சைக்கிளா, ராக்கெட்டா என்று அலுத்துப்போன உலக சைக்கிள் சங்கம் விதியை மாற்றியது: 1972-ல் பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ் ஓட்டிய மாதிரி பழைய பாணி வண்டியில்தான் ஓட்டணும். 2000-ல் அதே போர்ட்மேன், அதே மான்செஸ்டர். இந்த முறை வந்தது 49.441 கிலோமீட்டர். மெர்க்ஸ் ஓட்டியது 49.431. பத்தே மீட்டர் அதிகம்!

நாலு வயது கூடியிருந்தது என்பதைக் கழித்துக்கொண்டாலும், ஒரே ஆளுக்கு ஏழு கிலோமீட்டர் வித்தியாசம் எங்கிருந்து வந்தது? கியரிலிருந்து இல்லை. தட வண்டியில் கியர் மாற்றுகிற சமாசாரமே கிடையாது. முன்னால் ஒரு பல்சக்கரம், பின்னால் ஒன்று, அவ்வளவுதான். வித்தியாசம் பெரும்பாலும் காற்றில் உடம்பு எப்படி இருந்தது என்பதில்தான். உலக சாதனைக்கு ஒரே ஒரு கியர் போதும். குடிகாட்டிலிருந்து சிதம்பரம் போக எனக்கு எட்டு போதாதாம்!

ஆனாலும் நியாயமாகப் பேசணும். சோராவில் ஒரு நிஜமான லாபம் இருக்கிறது. என் கேசட்டில் (பின் சக்கர பல்சக்கர அடுக்கு) 15 பல்லுக்கு அடுத்தது 18. ஒரே தாவலில் இருபது சதவீதம். எதிர்காற்றில் 15 கனமாக இருக்கும், 18-க்குப் போனால் கால் வெறுமனே சுற்றும். ஒன்பது அடுக்கில் அதே 11-லிருந்து 32 வரையான எல்லைக்குள் 14, 16, 18 என்று இருக்கும். அந்த 16 எனக்குப் பல நாள் தேவைப்பட்டிருக்கிறது. ஆக, சோராவுக்கு இருபத்து மூவாயிரம் கொடுத்தால் எனக்குக் கிடைப்பது உண்மையில் ஒரே ஒரு பல்சக்கரம். அது அவ்வளவு பெறுமா என்பதுதான் கேள்வி.

பெறும் என்று என்னை நம்பவைக்க ஒரு பொல்லாத சங்கதி உதவியது: வரிக்குறைப்பு. சைக்கிளுக்கும் அதன் பாகங்களுக்கும் 12 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம் ஆனது. எனக்கு முன்பு சொல்லப்பட்ட விலை வரியோடு 25,000. அடிவிலை 22,321. இப்போது 5 சதவீத வரியோடு 23,437. "ஆயிரத்து ஐநூறு லாபம்டா" என்று துள்ளிக் குதித்தேன். பொருளை வாங்கினால்தானே அந்த ஆயிரத்து ஐநூறு லாபம்? வாங்கவில்லை என்றால் இருபத்து மூவாயிரத்து நானூறும் லாபம். மூன்று வருஷம் காமர்ஸ் படித்தவனுக்கு இது உறைக்க ஒரு வாரம் ஆனது.

அடுத்தது, அது ஒற்றைச் செலவும் இல்லை. 16 பல்லுக்கு ஆசைப்பட்டு ஒன்பது கேசட் போட்டால், ஒன்பது தட்டு தட்டுகிற ஷிஃப்டர் வேண்டும். கேசட் நெருக்கமாவதால் மெல்லிய செயின் வேண்டும். "இவ்வளவு தூரம் வந்தாச்சு, டிரெய்லியரையும் மாத்திடு, செட்டா இருக்கும்" என்பார்கள். (செயினை ஒரு பல்லிலிருந்து அடுத்த பல்லுக்குத் தள்ளுகிற கைதான் டிரெய்லியர்.) "ஒன்பதுக்கு எதுக்கு, நேரா 105-க்குப் போயேன்" என்றும் ஒரு குரல் வரும். போனால், பழைய பின் சக்கரத்தின் ஃப்ரீஹப்பில் பதினொரு அடுக்கு கேசட் பொதுவாக உட்காராது. அப்புறம் சக்கரமும் மாத்தணும். சக்கரம் மாத்தினால் இந்த ஃப்ரேம் எதற்கு?

டிடரோ என்று ஒரு பிரெஞ்சு எழுத்தாளர். 1769-ல் ஒரு கட்டுரை எழுதினார். பரிசாக வந்த புது அங்கி ஒன்று. அதை உடுத்திக்கொண்டு அறையைப் பார்த்தால் பழைய நாற்காலி அசிங்கமாகத் தெரிகிறது. நாற்காலியை மாற்றினால் மேசை அசிங்கம். கடைசியில் வீட்டையே மாற்றிக் கடனில் விழுந்த புலம்பல். கிராண்ட் மெக்ராக்கன் என்ற மானுடவியலாளர் 1988-ல் இதற்கு 'டிடரோ விளைவு' என்று பெயரே வைத்துவிட்டார். டிடரோவுக்காவது அது மனசில் நடந்த சங்கதி, பழைய நாற்காலியில் உட்கார்ந்தால் புது அங்கி கிழியாது. சைக்கிளில் அது நிஜமான இரும்பு. பொருந்தாது என்றால் பொருந்தாதுதான்.

இவ்வளவு தெரிந்தும் நான் திருந்தவில்லை. ஆன்லைனில் சோராவைக் கூடையில் போட்டு வைத்துவிட்டேன். சம்பளம் வந்ததும் பட்டனை அமுக்குவதுதான் பாக்கி.

இங்கே கொஞ்சம் கொசுவத்தி சுற்றணும்.

போன கார்த்திகை மாசம் ஒரு சனிக்கிழமை. சிதம்பரத்திலிருந்து திரும்பி வருகிறேன். எதிரே வாடை. மணி ஆறேகால், நன்றாக இருட்டிவிட்டது. குடிகாடு நெருங்குகிற இடத்தில் முன்னால் போன லாரி ஒன்று தொழிற்பேட்டைப் பக்கம் திரும்ப வேகம் குறைத்தது. இண்டிகேட்டர் போட்டார், முறையாகத்தான் திரும்பினார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. நான் முன் பிரேக்கைப் பிடித்தேன். 'டப்' என்று ஒரு சத்தம். பிரேக் லீவர் ஹேண்டிலோடு ஒட்டிக்கொண்டது. கையில் எதிர்ப்பே இல்லை. அந்த ஒரு நொடியில் வயிறு என்ன பாடு பட்டது என்பதை எழுத எனக்குத் தமிழ் போதாது.

பின் பிரேக்கும் ஹேண்டிலை இடது பக்கம் ஒடித்த தைரியமும்தான் காப்பாற்றின. ரோட்டோர மண்ணில் இறங்கி, வேலிக்காத்தான் செடிக்குள் புகுந்து, கீழே விழுந்தேன். முட்டியில் தோல் போனது. லாரியின் பின் சக்கரத்துக்கும் எனக்கும் இடையில் ரெண்டு முழம் இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து (அம்மாவிடம் 'நாய் குறுக்கே வந்துடுச்சு' என்று சொல்லிவிட்டு) லீவரைத் திறந்து பார்த்தேன். உள்ளே கம்பியின் தலை மாட்டுகிற இடத்தில் ஒவ்வொரு இழையாகத் துருப்பிடித்து அறுந்திருக்கிறது. உப்புக் காற்று ஊர் இது. வண்டியை வாங்கிய நாளிலிருந்து அந்தக் கம்பியை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அது என்ன விலை தெரியுமா? நல்ல துருப்பிடிக்காத கம்பியே நூற்றுச் சொச்சம் ரூபாய். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசினானாம் என்று எங்கள் ஆத்தா சொல்லும். நான் பேரம்கூடப் பேசவில்லை. அங்குசம் என்று ஒன்று இருப்பதே எனக்கு ஞாபகம் இல்லை. அன்றைக்கு ராத்திரி போனைத் திறந்தால், கூடையில் சோரா பளபளவென்று உட்கார்ந்திருக்கிறது.

மறுநாள் முதுநகரில் ஒரு சைக்கிள் கடைக்கு உருட்டிக்கொண்டு போனேன். ரோட் பைக் கடை இல்லை. பஞ்சர் ஒட்டி, ஓவராயில் பண்ணுகிற பழைய கடை. கடைக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும்.

"அண்ணே, இதுக்கு கியர் செட்டு மாத்தலாம்னு இருக்கேன். நீங்க என்ன சொல்றீங்க?"

அவர் பதில் சொல்லவில்லை. வண்டியைத் தலைகீழாகத் திருப்பி நிறுத்தினார். தையல்காரர் இன்ச் டேப் ஒன்றை எடுத்துச் செயினில் வைத்தார்.

"இங்க பாரு தம்பி. ஒரு ஆணில ஆரம்பிச்சு இருபத்து நாலு ஆணி எண்ணு. புதுச் செயினா இருந்தா சரியா பன்னண்டு இன்ச்சு வரணும். உன்னுது எவ்வளோ காட்டுது?"

பன்னிரண்டைத் தாண்டி ஒரு கோடு காட்டியது. பதினாறில் ஒரு பங்கு இன்ச்.

"இப்ப மாத்துனா செயினோட போவும். இன்னும் ஆறு மாசம் ஓட்டுனன்னா பல்லையும் தின்னுடும். அப்ப ரெண்டையும் மாத்தணும்." அப்புறம் பிரேக் கட்டையைத் தடவிப் பார்த்தார். "இது கல்லாட்டம் ஆயிடுச்சு. டயர்ல பாரு, ஓரமெல்லாம் வெடிப்பு. இவ்வளவையும் வுட்டுட்டு கியர மாத்தறேங்கற. கியர் உன்ன என்ன பண்ணுச்சு?"

செம பல்பு. நாலு மாசமாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியே தப்பு என்று அங்கேதான் தெரிந்தது. 'எட்டா, ஒன்பதா' என்று கேட்டேனே தவிர, 'இந்த வண்டியில் எது தேய்ந்திருக்கிறது' என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல் புத்தகத்திலேயே இதற்கு விடை இருக்கிறது. வருவாயினச் செலவு, முதலினச் செலவு என்று இரண்டு படித்திருப்போம். இருக்கிற இயந்திரத்தை ஓடுகிற நிலையில் வைத்திருக்கச் செய்வது வருவாயினச் செலவு. இயந்திரத்தின் திறனையே கூட்டுவதற்குச் செய்வது முதலினச் செலவு. ஐந்து மதிப்பெண் கேள்வி. எல்லோரும் எழுதிவிட்டு மறந்திருப்போம். ஆனால் அதில் ஒரு வரிசை ஒளிந்திருக்கிறது. பராமரிப்புச் செலவைச் செய்யாமல் ஏமாற்றிவிட்டு, அந்தக் காசில் புது இயந்திரம் வாங்குகிற கம்பெனியின் இருப்புநிலைக் குறிப்பு அழகாக இருக்கும். உள்ளே கூரை ஒழுகிக்கொண்டிருக்கும். நான் அந்தக் கம்பெனிதான்.

அதனால் என் கட்சி இது. தேய்ந்ததை மாற்றுங்கள். மாற்றும்போது முடிந்தால் ஒரு படி நல்லதாகப் போடுங்கள். தேயாத பாகத்தைத் தொடாதீர்கள். அப்கிரேடு என்பது தனியாகச் செய்கிற வேலை இல்லை, ரிப்பேரின் கூடவே நடக்க வேண்டியது. டயர் தேயும்போது 23-க்குப் பதில் 28 மில்லிமீட்டர் போடலாம் (ஃப்ரேமில் இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு). ஷிஃப்டர் ஒரு நாள் செத்துப் போகும். அன்றைக்கு சோராவைப் பற்றிப் பேசலாம். எப்படியும் அன்றைக்கு ஒரு ஷிஃப்டர் வாங்கத்தான் வேண்டும்; எட்டுக்கும் ஒன்பதுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான் கூடுதலாகக் கொடுப்போம். இன்றைக்கே வாங்கினால், நன்றாக ஓடுகிற ஒன்றைத் தூக்கிப் போடுகிற நஷ்டத்தையும் சேர்த்துக் கொடுக்கிறோம்.

"அப்போ மலை ஏறுகிறவன்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஏற்காட்டில் இருபது கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலையில் எழுபது. அங்கே கியர் உயிர். 1937 வரை டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் டிரெய்லியருக்கே அனுமதி இல்லை; மலை வந்தால் வீரர்கள் இறங்கி, பின் சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டு ஏறினார்கள். அந்தக் கொடுமையைப் படித்தால் டிரெய்லியரைக் கண்டுபிடித்தவனுக்குக் கோயில் கட்டலாம் போலிருக்கும். ஆனால் மலைக்குத் தேவை 'எத்தனை' பல்சக்கரம் என்பதைவிட, 'எவ்வளவு பெரிய' பல்சக்கரம் என்பதுதான். எட்டு அடுக்கிலேயே 32 பல் கிடைக்கிறது. பந்தயம் ஓட்டுகிறவர்கள், கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டே போகவேண்டியவர்கள், அவர்கள் கதை வேறு. அவர்களுக்கு அந்த 16 பல் தேவையாக இருக்கலாம். நான் பந்தயம் ஓட்டுகிறவன் இல்லை.

நீண்ட தூரம் ஓட்டுகிற ராண்டனியர்களைப் பாருங்கள். 200 கிலோமீட்டருக்கு அவர்களுக்கு நேர எல்லை பதின்மூன்றரை மணி நேரம். 300-க்கு இருபது, 600-க்கு நாற்பது. சாப்பாடு, பஞ்சர் எல்லாம் சேர்த்துச் சராசரியாக மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டினால் போதும். இருட்டில் ஓட்டணும் என்றால் முன் விளக்கு, பின் விளக்கு, ஒளி பிரதிபலிக்கிற மேல்சட்டை மூன்றும் இருக்கணும் என்பது விதி. எத்தனை கியர் இருக்கணும் என்று விதி கிடையாது.

விளக்கு என்றதும் இன்னொன்று சொல்லியே ஆகணும். ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் எங்கள் ஊர் ரோட்டில் நின்று பாருங்கள். டிபன் பாக்ஸ் பையை ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு தொழிற்பேட்டைக்கு சைக்கிளில் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதில் சில வண்டிகள், பையனோ பொண்ணோ பதினோராம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்து வாங்கியவை. பிள்ளைகள் காலேஜுக்குப் பஸ்ஸில் போக, சைக்கிள் அப்பாவிடம் வந்துவிட்டது. அந்த வண்டிகளின் பின் மட்கார்டில் ஒரு வெள்ளைப் பட்டை இருக்கும், நடுவில் சிவப்பு ரிஃப்ளெக்டர். லாரி விளக்கு பட்டால் பளிச்சென்று தெரியும். என் வண்டியில் மட்கார்டே கிடையாது. 'எடை அதிகம்' என்று கழற்றி விட்டாச்சு. அன்றைக்கு அந்த இருட்டில் அந்த ரோட்டில் எல்லோரையும்விடக் காஸ்ட்லியான சைக்கிளில் வந்தவன் நான். பின்னால் வருகிறவன் கண்ணுக்குத் தெரியாமல் வந்தவனும் நான் ஒருத்தன்தான். இதை நினைத்தால்தான் எனக்கு முட்டி வலியைவிட அதிகமாக வலிக்கிறது.

கடைசியில் நான் செய்த செலவை அப்படியே வைக்கிறேன். இது நான் கொடுத்த விலை, உங்கள் ஊரில் கூடக் குறைய இருக்கலாம்.

1. முன், பின் பிரேக் கம்பி, மேல் கவரோடு: 600
2. பிரேக் கட்டை இரண்டு ஜோடி: 700
3. எட்டு ஸ்பீடு செயின்: 1,100
4. 28 மில்லிமீட்டர் டயர் இரண்டு: 3,000
5. முன் விளக்கு, பின் சிவப்பு விளக்கு: 1,600
6. கூலி: 300

ஆக மொத்தம் 7,300 ரூபாய். சோரா செலவில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. வண்டி மாறிவிட்டது என்று சத்தியம் பண்ணுவேன். முட்லூர் தாண்டி அந்த மோசமான ஒட்டுப்போட்ட ரோட்டில் முன்பெல்லாம் கை மரத்துப் போகும், இப்போது இல்லை. பிரேக்கை ஒரு விரலால் பிடித்தால் நிற்கிறது. கருவேல முள் பஞ்சரும் குறைந்திருக்கிறது. 15-க்கும் 18-க்கும் நடுவில் இன்னமும் ஒரு ஓட்டை இருக்கத்தான் செய்கிறது. எதிர்காற்றில் அந்த 16-ஐ நினைத்துப் பெருமூச்சு விடுகிறேன். குனிந்துகொண்டு மிதிக்கிறேன்.

ஆசைப்பட்டு வாங்குவது தப்பு என்று நான் சொல்லவே இல்லை. ஆசைக்கும் விலை உண்டு, கையில் காசு இருந்தால் கொடுக்கலாம். ஆனால் அதைத் 'தேவை' என்று கணக்கில் எழுதக்கூடாது. முதலாளி தன் சொந்தச் செலவுக்குக் கடையிலிருந்து பணம் எடுத்தால் அதற்குக் கணக்குப்பதிவியலில் அழகாக ஒரு பெயர் உண்டு: எடுப்புகள். அதை வியாபாரச் செலவோடு கலந்தால் லாபமும் தெரியாது, நஷ்டமும் தெரியாது. டீக்கடையில் 'எட்டா?' என்று கேட்கிறவருக்காக நான் வாங்க நினைத்த சோரா, சுத்தமான எடுப்பு. அதைப் 'பெர்ஃபார்மன்ஸ்' கணக்கில் எழுதப் பார்த்ததுதான் என் திருட்டுத்தனம்.

கூடையிலிருந்து சோராவை எடுத்தாச்சு. மீதிப் பணம் பேங்கில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் இப்போதும் "எட்டா?" என்று கேட்கிறார்கள். "ஆமாண்ணே. உங்க பிரேக் கம்பியக் கடைசியா எப்பப் பாத்தீங்க?" என்று கேட்கிறேன். போன வாரம் ஒருத்தர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் போய் லீவரைத் திறந்து பார்த்தார். அவருடைய வண்டி 105. உள்ளே ரெண்டு இழை அறுந்திருந்தது.

டிஸ்கி: ஹேண்டிலுக்குச் சிவப்புக் கலரில் டேப் ஒன்று வாங்கிச் சுற்றியிருக்கிறேன். 450 ரூபாய். பழைய டேப் கிழியவில்லை, தேயவும் இல்லை. எடுப்புகள் கணக்கில் எழுதிவிட்டேன் :-)